ஒற்றை ஸ்டார்

"ஒரு ஸ்டாரே அதிகம்!" கணவன் பல்லைக் கடித்துக்கொண்டு போனில் விமர்சனம் எழுதினான். "சனியன் பிடிச்ச ஸ்பீக்கர். பாட்டு போட்டா சுவர் அதிருது, ஜன்னல் கண்ணாடி உதறுது. இதை விக்கிறவன் உருப்படுவானா?"

"பாப்பா தூக்கத்துல திடுக்கிட்டு அழறதையும் எழுதுங்க. இனிமே ஒருத்தனும் இதை வாங்கக்கூடாது," என்றாள் மனைவி.

அதையும் சேர்த்து எழுதி அனுப்பினான்.

மறுவாரம் கீழ்வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, அந்த ஸ்பீக்கர் பத்தி உங்க பேர்ல வந்திருந்ததைப் படிச்சேன். சுவரே அதிருதுன்னா சும்மாவா? உடனே வாங்கிட்டேன்! ஆமா, உங்களுதை எந்த ரூம்ல வச்சிருக்கீங்க?"

"எங்ககிட்ட ஏதுய்யா ஸ்பீக்கர்?" கணவன் கத்தினான். "அதை வாங்கினவன் எங்க தலைக்கு மேல குடியிருக்கிற தடியன்யா!"