மூன்றாவது பென்டிரைவ்

தாராவியின் பழைய சாமான் கடையில், சிடிக் குவியலில் பட்ட பகல் வெயில் தகரக் கூரையெங்கும் வண்ணமாய்ச் சிதறிக் கிடக்கிறது. எடைக்கு வாங்கிய பழைய லேப்டாப்புகளை இசக்கிதுரை கோணியில் அடுக்குகிறான். மொத்தமாக எடுக்க வந்த நாகூர் கனி தராசருகே நிற்கிறார். ஒன்றை மட்டும் அவன் மனைவி விஜயராணி மடியை விட்டு இறக்கவில்லை. பழைய கணினியையும் ஓடவைக்கும் லினக்ஸ் மென்பொருளில் மூன்று வகையை இணையத்திலிருந்து இலவசமாக எடுத்து மூன்று பென்டிரைவில் வைத்திருக்கிறாள். முதலாவதைப் போட்டபோது திரை இருண்டே கிடந்தது. இரண்டாவது திறந்தது, வைஃபை வரவில்லை. "செத்ததப் போட்டு ஏன்ட்டி உலுக்குத? பாய் எவ்வளவு நேரமா நிக்காவ!" என்கிறான் கணவன். "இன்னும் ஒண்ணுதான், பாத்துருதேன்." மூன்றாவதைச் செருகுகிறாள். உள்ளே விசிறி இருமிவிட்டுச் சுழல்கிறது. திரையில் நீலம் மெல்ல விரிந்து அவள் மூக்குத்தியில் மின்னுகிறது. வைஃபையும் வந்துவிட்டது. அவள் திரையை அவன் பக்கம் திருப்புகிறாள். இசக்கிதுரை கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஒரு விரலால் டச்பேடைத் தொடுகிறான். அம்புக்குறி அவன் விரலோடு ஓடுகிறது. "அதையும் போடுங்க," என்று நாகூர் கனி தராசைக் காட்டுகிறார். இசக்கிதுரை நிமிர்கிறான். தெருவுக்கே கேட்கும் குரலில் சொல்கிறான்: "அது எடைக்கு இல்ல பாய். எம் பொண்டாட்டி எழுப்புனது."