ஒழுகும் வளைக்கு ஒரு மனு

வரப்பிலிருந்த வளைகளெல்லாம் பெருச்சாளி வெட்டி, ஏழை எலிகளுக்கு ஒதுக்கியவை. அதில் ஓர் எலியின் வளையில் மழைநீர் ஒழுகியது. அடைத்துக் கொடுக்கச் சொல்லி நண்டை அனுப்பியது பெருச்சாளி. நண்டு தோண்டித் தோண்டிப் பார்த்ததில், புல் நுழையும் அளவிருந்த ஓட்டை தவளை நுழையும் அளவானது. சேர்த்து வைத்த நெல்லெல்லாம் நனைந்து முளைவிட்டது.

எலி நஷ்டஈடு கேட்டு மனு கொடுத்தது.

"குட்டிங்க எத்தனைன்னும் எழுதும்மா. அப்பத்தான் கூடக் கிடைக்கும்" என்றது பெருச்சாளி.

ஆறு என்று எழுதியது எலி.

மறுநாள் அந்த ஓட்டை வழியாகவே ஒரு தலை உள்ளே நீண்டது. சாரைப்பாம்பு.

"பயப்படாதம்மா. சேதத்தைப் பார்த்துட்டு வரச் சொல்லிப் பெருச்சாளி ஐயா அனுப்பினாரு. என்னென்ன சேதம்?"

எலியின் மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது. அது துடைத்துக்கொள்ளவில்லை.

"சேதமெல்லாம் ஒண்ணுமில்லைங்க. ஒழுகவே இல்லைங்க."

"மனுவுல ஆறு குட்டின்னு இருக்கே."

"தெரியாம எழுதிட்டேங்க. நான் தனியாத்தான் இருக்கேன்."

"அப்ப நான் கிளம்புறேன்" என்று பாம்பு தலையைத் திருப்பியது.

மூன்று நாளாக நனைந்து கிடந்த வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு சின்னத் தும்மல் கேட்டது.