பின்வரிசை

லுக்குட் ஊர்க் கேமராக் கடையில் ஹேமநாதன் ஒரு பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவைக் கையில் எடுத்தான்.

"அது வேணாம்ண்ணே," என்றாள் கடைக்காரி ரோகினி. "ஃபோகஸ் கெட்டுப்போச்சு. முன்னால இருக்கிறவங்க மங்கிடுவாங்க, பின்னால நிக்கிறவங்கதான் தெளிவா விழுவாங்க."

"இதுதான் வேணும்லா. லென்சும் அதுக்கு ஏத்ததா குடு."

"எதுக்குண்ணே?"

"எஸ்டேட் மேனேஜருக்குப் பிரிவு விழா. ஃபிலிம்லதான் படம் வேணுமாம்."

விழா முடிந்து பத்தாம் நாள் படத்தைப் பார்த்த மேனேஜர் சிவசிதம்பரம் கத்தினார்.

"எங்கடா என் முகம்?"

நடு நாற்காலியில் மாலை போட்ட ஒரு மங்கல்தான் இருந்தது. பின்வரிசையில், ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கும் தொழிலாளி பஞ்சாலை பளிச்சென்று சிரித்தாள். முப்பது வருடமாக, படம் எடுக்கும்போதெல்லாம், "ரப்பர் பால் நாத்தம், பின்னால போ" என்று அவர் விரட்டியவள்.

"எங்கம்மா நல்லா விழுந்திருக்காங்க சார்," என்றான் ஹேமநாதன்.