அந்த நொடியின் வேகம்

சுண்ணாம்பு அடிப்பதற்காகப் பயிற்சிக்கூடத்தைக் காலி செய்தவர்கள் பன்னிரண்டு கணினிகளையும் இடம் மாற்றி வைத்துவிட்டார்கள். அவற்றில் கூடப் படித்த ஞானதீபன் உட்கார்ந்தது எது என்று அமலி தேடினாள். வேலை கிடைத்து ஊரைவிட்டே போய்விட்டவனிடம் அவள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவனுடைய கணினி முன்னாலாவது ஒரு மாலை உட்கார்ந்துவிட வேண்டும். நாளையோடு வகுப்பும் முடிகிறது. நல்லவேளையாக நோட்டில் குறிப்பு இருந்தது. 'எல்எஸ்சிபியு' என்று அடித்தால் செயலியின் விவரமெல்லாம் திரையில் வரும் என்று கலீல் சார் சொல்லிக்கொடுத்த அன்று, பக்கத்தில் இருந்த அவன் திரையைப் பார்த்துத்தான் வரி விடாமல் எழுதியிருந்தாள். இப்போது ஒவ்வொன்றிலும் அதையே அடித்து ஒப்பிட்டாள். மற்ற வரிகள் பன்னிரண்டிலும் ஒன்றுபோல இருந்தன. வேகத்தைச் சொல்லும் வரி மட்டும் ஒவ்வொன்றிலும் வேறாக வந்தது. அவள் எழுதியிருந்த 1896.412 எதிலும் இல்லை. தப்பாக எழுதிவிட்டோமோ என்று நோட்டை மறுபடி பார்த்தாள்.

"என்னம்மா, சிபியுவுக்கெல்லாம் சென்சஸ் எடுக்கிறியா?" என்றார் கலீல் சார்.

"இந்த நம்பர் எந்த மெஷினோடது சார்?"

"அது மெஷின் நம்பர் இல்லம்மா. அந்த நொடியில அது ஓடுன வேகம். திரும்ப அடி, மாறிடும்."

அடித்தாள். மாறிவிட்டது.

"அப்போ இந்த நம்பர் திரும்ப வரவே வராதா சார்?"

"வரலாம், வராமலும் போகலாம். யாரு உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கிறது?"

அமலி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.