யார் வீட்டு சூப்?

"ஹீரோ முன்பின் தெரியாத வீட்டுல நுழைஞ்சு சூப்பைக் குடிக்கிறான், உயிர் ஏறுது. சரி, அது கேம். ஆனா வீட்டுக்காரங்க கோபப்படாம சிரிக்கிறாங்களே, கதைன்னு எவன் நம்புவான்?"

சார்ஜர் ஒயர் எட்டிய மட்டும் அங்குமிங்கும் நடந்தபடி ஃபோனில் பொரிந்தான், கேமைச் சோதிக்கும் விடெக்.

"கிறிஸ்துமஸ் ராத்திரியிலகூட தப்பு கண்டுபிடிக்கணுமா? போய்ச் சாப்பிடுடா!" என்றாள், கதை எழுதிய யாக்னா.

"தம்பி, சூப் ஆறுது" என்று உள்ளிருந்து ஓர் அம்மாள் கூப்பிட்டாள்.

விடெக் எட்டிப் பார்த்தான். போலந்து வழக்கப்படி, எதிர்பாராத விருந்தாளிக்கென்று போட்டிருந்த கூடுதல் குழித்தட்டில் பீட்ரூட் சூப்பிலிருந்து ஆவி பறந்தது. அவன் வீட்டிலும் வருடந்தோறும் அந்தத் தட்டை வைப்பார்கள், யாரும் வந்ததில்லை.

வார்சா ரயில் பனியில் நின்றுவிட, சார்ஜ் போட இடம் கேட்டு அவன் தட்டிய முதல் கதவு இது.

"யாக்னா, அது தப்பில்ல, விட்டுடு. குடிச்சதும் ஹீரோ நன்றி சொல்லணும். அதை மட்டும் சேர்த்துடு."