நேர்காணலுக்கு முன்

“இன்னிக்கு முகம் கழுவாதே, லோர்னா. தலையும் வாராதே” என்றேன்.

கனடாவின் வின்னிபெக் நகரப் பாலத்தடியில், தன் கூடாரத்துக்குள்ளிருந்து முறைத்தாள். “உனக்கென்ன கிறுக்கா, சிஸ்டர்? மாசாமாசம் ஊசியும் போட்டு, குளி குளின்னு என் உசுர வாங்கினவ நீதானே?”

“வீடு ஒதுக்குற அதிகாரி வந்து கேட்டா, காதுல குரல் கேக்குதுன்னு சொல்லு.”

“இப்பத்தான் கேக்கலையே!”

“சொல்லுடி. பனி கொட்டுறதுக்குள்ள உனக்கு ஒரு அறை கிடைக்கணும்.”

அதிகாரி வந்தபோது லோர்னா தலையைப் படிய வாரியிருந்தாள். கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னாள்.

“குரலா? நின்னே போச்சு சார். எல்லாம் இந்த சிஸ்டர் கைராசி.”

பெருமைப்பட வேண்டிய நான் தரையைப் பார்த்தேன்.

அதிகாரி என் பக்கம் குனிந்து, அவளுக்குக் கேட்காமல் சொன்னார். “நல்லாயிட்டாங்களே! நோய் முத்தினவங்களுக்குத்தான் அறை. பட்டியல்லேருந்து இவங்க பேரை எடுத்துடறேன்.”

அவர் போனதும் லோர்னா என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

“பாஸாயிட்டேன், இல்ல?”