திரும்பிப் பார்க்காத தெரு

சாலிகிராமம் முழுவதையும் நிரந்தரப் படப்பிடிப்புத் தளமாக அறிவித்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. எந்தக் கம்பத்தில் கேமரா இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குடியிருப்பவர்களுக்கு ஒரே விதிதான்: தெருவில் கொலையே விழுந்தாலும் திரும்பிப் பார்க்காமல் இயல்பாக நடக்க வேண்டும். பார்த்தவர் அன்றே வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

அன்று காலை காய்கறிப் பையோடு வந்த சம்பந்தம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் சரிந்தார்.

"யாராவது வாங்களேன்!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தாள் மனைவி மரகதம். தெரு இயல்பாக நடந்தது. எதிர்வீட்டு டெய்லர் லூர்துசாமியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"லூர்து அண்ணே, இவருக்கு மூச்சு வரலண்ணே!"

அவர் உதடு அசையாமல் சொன்னார்: "சூப்பரா பண்றம்மா. என்னை விட்டுடு, ஃபிரேமுல மாட்டிக்குவேன்."

"ஐயோ, இது ஷூட்டிங் இல்லண்ணே!"

"நேத்து இங்க அழுத பொம்பளையும் இதே டயலாக்தான் சொல்லிச்சு."

மரகதத்தால் அவரைக் குறை சொல்ல முடியவில்லை. அந்தப் பெண்ணைத் தாண்டிக்கொண்டுதான் நேற்று அவளும் கீரை வாங்கப் போனாள்.

சம்பந்தத்தின் கை சில்லிட ஆரம்பித்தது. அவள் தொண்டை கிழியக் கத்தினாள்: "கட்! கட்!"

தெரு சட்டென்று நின்றது. எல்லோரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த டேக்குக்காகத் திரும்பி நடந்து, அவரவர் கிளம்பிய இடத்தில் போய் நின்றார்கள்.